வீடும் கடையும் ஒரே மனுவில்: மாமன்றத்தின் முன் கோரிக்கை வைப்பது எப்படி

வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசித்துக்கொண்டு, அதே கட்டடத்தின் வாசலில் காலையில் இட்லியும் மாலையில் பஜ்ஜியும் விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். கட்டடம் பழுதடைந்துவிட்டதால் இடித்துக் கட்டப்போகிறோம் என்று தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலிருந்து ஒரு தாள் வருகிறது. நடைபாதையை அகலப்படுத்துவதால் கடையை எடுத்துவிட வேண்டும் என்று மாநகராட்சியிலிருந்து இன்னொரு தாள் வருகிறது. இரண்டு தாள்களுக்கும் இரண்டு கோப்புகள், இரண்டு பொறியாளர்கள், இரண்டு கெடு நாள்கள். அந்த அம்மாவுக்கோ இழப்பு ஒன்றுதான். வீடு தொலைவாகப் போனால் கடைக்கு வந்து சேர முடியாது. கடை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

எங்கள் பகுதியில் முதன்முறை மனு எழுதியபோது, அலுவலக வழக்கப்படியே வீட்டுக்கு ஒன்றும் கடைக்கு ஒன்றுமாக இரண்டு மனுக்கள் எழுதினோம். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, இரண்டுக்கும் பதிலும் வந்தது. ஒவ்வொரு பதிலும் மற்ற அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த அலைச்சலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னை மாநகராட்சியை மனத்தில் வைத்து எழுதினாலும், தமிழ்நாட்டின் பிற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மன்றத்தின் கையில் எது இருக்கிறது

மாமன்றத்திடம் போய் "எங்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள்" என்று கேட்பது, மின்வாரியத்திடம் குடிநீர் கேட்பதைப் போன்றது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் நகர அமைப்புகளுக்கென 18 பொருள்களை வரிசைப்படுத்தியது. குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் அவற்றில் உண்டு. ஆனால் நடைமுறையில் சென்னையில் ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதும் ஒதுக்குவதும் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய மாநில அரசின் வாரியம்தான். பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவது பெருநகர வளர்ச்சிக் குழுமம். புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையிடமும், ஆற்றங்கரை நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன.

மாநகராட்சியிடம் இருப்பவை வேறு: அதன் பெயரில் உள்ள நிலங்கள், சந்தைகள், வணிக வளாகங்கள், உட்புறச் சாலைகளும் நடைபாதைகளும், சாலையோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம், ஆண்டுதோறும் போடும் வரவு செலவுத் திட்டம். இவற்றுடன், மற்ற துறைகளைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் நிறைவேற்றும் உரிமையும் உண்டு. இந்தக் கடைசி உரிமையைப் பலர் வெறும் காகிதம் என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாரியத்தின் செயற்பொறியாளருக்குத் தெருவாசி எழுதும் கடிதத்துக்கும், மாமன்றத் தீர்மான எண்ணுடன் ஆணையர் எழுதும் கடிதத்துக்கும் கோப்பில் கிடைக்கும் இடம் ஒன்றல்ல.

ஆகவே மனுவை எழுதுமுன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரே அதை முடிவு செய்யும் அலுவலகம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியே முடிவு செய்யக்கூடியவை ஒரு பக்கம், பிற துறைக்குப் பரிந்துரைக்க வேண்டியவை மறு பக்கம். இந்தப் பிரிப்பு உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். மனு மட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கணக்கெடுப்பு: மனுவின் முதுகெலும்பு

நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் "ஏழை எளிய மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்" என்ற வரியோடு தொடங்கி அதே வரியோடு முடிந்துவிடுகின்றன. அலுவலர் அதை மறுக்க மாட்டார். அதைக் கொண்டு ஒன்றும் செய்யவும் மாட்டார். அவருக்கு வேண்டியது எண்ணிக்கை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, நான்கைந்து பேர் சேர்ந்து தெருவை முழுமையாகக் கணக்கெடுங்கள்.

ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஐந்து கேள்விகள் போதும். எத்தனை ஆண்டுகளாக இதே இடத்தில் விற்கிறார்? எங்கே குடியிருக்கிறார், அது சொந்த வீடா, வாடகை வீடா, வாரிய ஒதுக்கீடா? சரக்கு எங்கிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது? வாடிக்கையாளர் நடந்து வருகிறவரா, வண்டியில் வருகிறவரா? விற்பனைச் சான்றிதழோ மாநகராட்சி அடையாள அட்டையோ இருக்கிறதா? சாதி, கட்சி, கடன் பற்றிய கேள்விகளைத் தவிருங்கள். அவை வந்த நொடியில் பதில்கள் சுருங்கிவிடும்.

மூன்றாவது கேள்வியை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு நாளின் நேரக் கணக்கைக் காட்டுகிறேன். மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்பவர் ஒருவர் விடியற்காலை மூன்றரை மணிக்குக் கோயம்பேடு போய்ச் சேர்ந்தால்தான் நல்ல சரக்கு கிடைக்கும். மூட்டையை ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு திரும்பி, வீட்டில் இறக்கி, மகளும் மாமியாருமாகச் சேர்ந்து கட்டி முடித்து, கோயிலுக்கு வருகிறவர்கள் கூடும் ஆறரை மணிக்குள் கூடையோடு உட்கார்ந்துவிட வேண்டும். இந்தச் சங்கிலியில் வீடு என்பது படுத்துறங்கும் இடம் மட்டுமன்று, பட்டறையும் அதுதான். இவருக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு பெரிதாகக் கூடாது என்று அலுவலர் சொல்லக்கூடும். நீங்கள் அவரிடம் காட்ட வேண்டியது கட்டணத்தை அல்ல, முதல் பேருந்து புறப்படும் நேரத்தை. அது மூன்றரை மணிக்குக் கோயம்பேட்டில் கொண்டுவிடுமா என்ற ஒரு கேள்வி, பத்துப் பக்க வேண்டுகோளைவிட வேலை செய்யும்.

அதே இடத்தில் இடித்துக் கட்டும் திட்டத்திலும் இழப்பு இருக்கிறது; இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கட்டி முடியும்வரை வெளியே தங்க வாரியம் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தருகிறது. முன்பு இது 8,000 ஆக இருந்தது. பணி பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வரும். அந்தத் தொகைக்கு உங்கள் தெருவில் என்ன கிடைக்கும் என்பதை, நான்கு வாடகை வீட்டு உரிமையாளர்களைக் கேட்டு மனுவிலேயே எழுதுங்கள். இன்னொன்று: ஐந்நூறு குடும்பங்கள் ஒரே மாதத்தில் வெளியேறினால், அவர்களை நம்பியிருந்த பெட்டிக்கடை, இஸ்திரி வண்டி, மாவரைக்கும் கடை ஆகியவற்றின் வாடிக்கையும் அதே மாதத்தில் போய்விடும். அந்தக் கடைக்காரர் வாரியத்தின் பயனாளிப் பட்டியலில் இல்லாதவராகவும் இருக்கலாம். வீட்டுக் கோப்பில் அவர் இல்லை, நடைபாதைக் கோப்பிலும் இல்லை. உங்கள் கணக்கெடுப்பில் மட்டுமே இருப்பார்.

சட்டத்தில் எதைப் பிடித்துக்கொள்வது

சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும் என்றும், அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் அதன் 3-ஆவது பிரிவு சொல்கிறது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 18-ஆவது பிரிவு. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையில் தர வேண்டும். உரியவர் கேட்டு, கட்டணமும் செலுத்தினால் அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்பது 19-ஆவது பிரிவு. தராசையும் தக்காளிக் கூடையையும் லாரியில் ஏற்றும் நேரத்தில் இந்தப் பிரிவு எண்ணை மரியாதையாகச் சொல்லிப் பட்டியல் கேட்பவருக்கும், கூச்சலிடுபவருக்கும் கிடைக்கும் பதிலில் வேறுபாடு உண்டு.

ஒரு வார்டின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்பது சட்டம் வைத்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி விரிவடைந்த சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். 200 வார்டுகளுக்குச் சராசரி 33,000 பேர். அதில் 2.5 விழுக்காடு என்றால் வார்டுக்கு 800-க்கும் சற்று மேல். உங்கள் தெருவில் எண்பது பேரைக் கணக்கெடுத்து, "இதற்கு மேல் இடமில்லை" என்று யாரேனும் சொன்னால், வார்டு முழுவதற்கும் எத்தனை சான்றிதழ்கள் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கான அடிப்படை இது.

இடத்தை முடிவு செய்வதில், இதே சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆணையர் அதன் தலைவர். உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். உங்கள் மனுவின் ஒரு படியை இந்தக் குழுவுக்கும் கட்டாயம் கொடுங்கள்.

வீட்டுப் பக்கத்தில் பிடிமானம் இவ்வளவு வலுவாக இல்லை. 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் சென்னையில் முதலில் 1,202 பகுதிகளும், 1985-இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் பட்டியல் நீளவேயில்லை. உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024-இல் தொடங்கியது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ள, நாட்டில் எங்கும் நிலையான வீடு இல்லாத குடும்பங்கள் அதில் நலிந்த பிரிவில் வருகின்றன. சொந்த நிலத்தில் கட்டிக்கொள்ளும் பிரிவு பட்டா இல்லாதவருக்கு உதவாது. ஆனால் அதே திட்டத்தில் வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

கீழே கடை, மேலே வீடு

பாண்டிபஜார் நடைபாதைக் கடைகள் 2013-இல் பலமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. மாடி ஏறி வந்து வாங்குவோர் குறைவு என்று அங்குள்ள வியாபாரிகள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். நடந்துபோகும் கண்ணில் படுவதே நடைபாதை வியாபாரத்தின் உயிர். இரண்டாம் மாடியில் அதை எதிர்பார்க்க முடியாது. மாறாக, மெரினா லூப் சாலையில் 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தலையிட்டு மீன்கடைகள் அகற்றப்பட்டபோது, நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையிலேயே அமர்ந்து போராடினார்கள். பின்னர் ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி அதே சாலையில், அவர்களுடைய குடியிருப்புகளுக்கு அருகிலேயே கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்காடியின் அமைப்பைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், படகு, வீடு, கடை ஆகிய மூன்றும் நடந்து சேரும் தொலைவில் நின்றுவிட்டன.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாமன்றத்திடம் கேட்க ஒரு தெளிவான கோரிக்கை உருவாகிறது. மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய சந்தையையோ வணிக வளாகத்தையோ புதிதாகக் கட்டும்போது, தரைத்தளம் முழுவதும் சிறு கடைகளுக்கும், மேல்தளங்கள் வாடகைக் குடியிருப்புக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மாடிக் கடை காலியாகக் கிடந்து வாடகை நிலுவை சேர்வதைவிட மாடி வீடு நிரம்பியிருப்பது மாநகராட்சியின் வருவாய்க்கும் நல்லது. எதிர்வாதங்கள் வரும்: தீயணைப்பு வழி, மீன் கழிவுநீர், இரவில் சரக்கு இறக்கும் சத்தம். இவற்றுக்கு நீங்களே ஒரு பத்தி பதில் எழுதி வையுங்கள். மீனும் கோழியும் விற்கும் கடைகளின்மேல் வீடு கேட்காதீர்கள்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். கடைக்காரர்கள் கூடினால் முதலில் எழும் குரல் "சொத்துவரியைக் குறையுங்கள்" என்பதாகவே இருக்கும். 2022-இல் சென்னையின் பழைய எல்லைக்குள் வணிகக் கட்டடங்களுக்கு 150 விழுக்காடு உயர்ந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த உயர்வின் பின்னால் பதினைந்தாவது நிதிக்குழுவின் மானிய நிபந்தனை இருந்ததால், உங்கள் வார்டு உறுப்பினர் விரும்பினாலும் தனியே குறைத்துவிட முடியாது. அந்தக் கோரிக்கையை மனுவில் சேர்த்தால், மற்றவற்றையும் சேர்த்து "நிதி நிலை இடம் தரவில்லை" என்று முடித்துவிட ஒரு வாசலைத் திறந்துவிடுகிறீர்கள். அதைத் தனியே வணிகர் சங்கத்தின் வழியாகக் கொண்டுசெல்லுங்கள்.

பகுதி சபாவிலிருந்து மாமன்றம் வரை

2022-இல் வெளியான விதிகளின்படி சென்னையில் ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபா உண்டு. மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழுவும் உண்டு. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் சபாக்கள் கூடின. ஊராட்சிகளில் கிராம சபை எப்படியோ அப்படி, அப்பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் இதன் உறுப்பினர்கள்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கடை ஒரு வார்டிலும் வாக்கு வேறோர் இடத்திலும் உள்ள வியாபாரிக்குத் தன் கடை இருக்கும் பகுதியின் சபாவில் இடமில்லை. பெரும்பாக்கம்போல், சென்னை மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே ஊராட்சியாகவே இருந்துவந்த பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டவருக்கு இந்த மாமன்றத்திலேயே பேச ஆளில்லை. வீட்டோடு வாக்கும் இடம் மாறிவிடுகிறது. ஆகவே வியாபாரிகள் மட்டும் சபாவுக்குப் போனால் போதாது. அவர்களிடம் காய்கறி வாங்கும் வாக்காளர்கள் கையெழுத்திட்டு, அவர்களில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கத்தை எதிரியாக எண்ணாமல் முன்னதாகவே போய்ப் பாருங்கள். அவர்களுடைய குறை பெரும்பாலும் குப்பையும் வண்டி நிறுத்தமும்தான். இரவு பத்து மணிக்குள் இடத்தைக் கூட்டிவிட்டுப் போவோம், நடக்க இவ்வளவு அடி விடுவோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும். நிலையான கடை வைத்திருப்பவர்கள் வேறு வகை. வாடகையும் வரியும் கட்டும் தங்கள் வாசலை மறைக்கிறார்கள் என்பது அவர்கள் மனக்குறை, அதில் நியாயமும் உண்டு. கடை வாசலுக்கு நேரே வண்டி நிற்காதபடி கோடு போட்டுத் தரச் சம்மதியுங்கள்.

சபாவில் பேச உங்களுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். மனுவின் முதல் பத்தியை அப்படியே வாசித்துவிடலாம் என்னும்படி அது அமைய வேண்டும். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் தெருவில் 84 சாலையோரக் கடைகள் உள்ளன. இவற்றை நடத்துவோரில் 61 பேர் கடையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குடியிருக்கின்றனர். 47 பேர், இடிக்கப்படவுள்ள வாரியக் குடியிருப்பில் வசிப்பவர்கள். கடைகளை மாற்றும் நாளையும் குடியிருப்பைக் காலி செய்யும் நாளையும் தனித்தனியே முடிவு செய்யாமல், மாற்றுக் கடையிடம் ஒதுக்கி முப்பது நாள் கழிந்த பிறகே குடியிருப்பைக் காலி செய்யக் கோருமாறு வாரியத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை மாமன்றத்தில் கொண்டுவர வேண்டுகிறோம். பெயர்ப்பட்டியலும் வரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன."

எண்களுக்குப் பதில் உங்கள் கணக்கெடுப்பின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு செயலை, அதைச் செய்யக்கூடியவரிடம், நாள் வரிசையோடு கேட்பதுதான் இந்தப் பத்தியின் வேலை. மற்ற கோரிக்கைகள் அடுத்த பக்கத்தில் வரட்டும்.

சபாவின் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு அது வார்டு குழு, மண்டலக் குழு என்று நகரும். நிலம் சம்பந்தப்பட்டதானால் நகரமைப்பு நிலைக்குழுவுக்கும், செலவு சம்பந்தப்பட்டதானால் வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவுக்கும் போகும். நிலைக்குழு உறுப்பினர்களை நேரில் பார்ப்பதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். ரிப்பன் மாளிகையின் மன்றக் கூட்டத்தில் பொருள் எண் ஒன்றுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே, பேச்சு உண்மையில் நடப்பது நிலைக்குழுவில். பொருள் நிரலில் இடம் கிடைக்காமல் போனால், நிரலில் இல்லாதவற்றை எழுப்ப மன்றத்தில் விடப்படும் ‘நேரமில்லா நேரத்தில்’ பேசும்படி உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பணம் தேவைப்படும் கோரிக்கையை அக்டோபரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பிப்ரவரியில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.

தீர்மானம் நிறைவேறிய பின்

தீர்மான எண்ணும் நாளும் உங்கள் கையில் இருக்க வேண்டும்; செய்தித்தாள் நறுக்கு அதற்கு மாற்றாகாது. நகல் கேட்டு விண்ணப்பியுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிறகு அதே எண்ணைக் குறிப்பிட்டு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மாநகராட்சியின் கடிதம் வந்து சேர்ந்ததா, எந்தக் கோப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே கடிதம் தங்கிப்போவது வழக்கமாக நடப்பதே.

இதற்கிடையில் வியாபாரிகள் தங்கள் தாள்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும். சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதிக் கடன் 2020-இல் 10,000 ரூபாயில் தொடங்கியது; 2025-இல் முதல் தவணை 15,000, அடுத்தது 25,000, மூன்றாவது 50,000 என்று மாற்றப்பட்டது. இடம் மாறும் மாதத்தில் அந்தப் பணம் கைகொடுக்கும் என்பதோடு, நீங்கள் அந்த ஊரில் வியாபாரம் செய்துவந்தவர் என்பதற்குக் கடன் ஆவணமும் ஒரு துணைச் சான்றாகிறது. பழைய அபராத ரசீதுகளைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஆண்டில் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தீர்கள் என்பதை மாநகராட்சியே எழுதிக் கொடுத்த தாள் அது. ஒப்புகைச் சீட்டும் ரசீதும் வெப்பத்தாளில் அச்சானவையாக இருந்தால் லேமினேட் செய்யக் கூடாது, சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே இரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சங்கத்தின் கோப்பிலும் மற்றொன்றை வேறொருவர் வீட்டிலும் வைத்துவிடுங்கள். அடுத்த பகுதி சபா கூடும் நாளில் அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டு போய், சென்ற சபாவில் பதிவான கோரிக்கை இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.